கூத்து இரவில் 1/8 நொடி

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவு விடிய விடியத் தெருக்கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம் (துரியோதனன் போரில் விழும் சடங்கு), சாயங்காலம் தீமிதி. ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். அந்த இரவுகளுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் இப்போது நிறைய. நல்ல விஷயம்தான். ஆனால் அவர்கள் போடும் படங்களைப் பார்க்கும்போது ஒரு குறை எனக்கு விடாமல் தோன்றுகிறது. படத்தில் கூத்தாடுபவர் ஆடவே இல்லை, நிற்கிறார்.

காரணம் எளிது. இன்றைய கேமராக்கள் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 6400, 12800 எல்லாம் அலட்டாமல் தாங்கும். அதனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட ஷட்டரை 1/500 நொடி மட்டும் திறக்கும்படி வைத்து எடுக்க முடிகிறது, முடிகிறது என்பதால் எல்லோரும் அப்படியே எடுக்கிறோம். துரியோதனன் நொடிக்கு ஒரு சுற்று சுற்றி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாவாடையின் விளிம்பு உடம்பின் நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அந்த விளிம்பு நொடிக்கு 3.77 மீட்டர் வேகத்தில் போகிறது. 1/500 நொடியில் அது நகர்வது வெறும் ஏழரை மில்லிமீட்டர். படத்தில் மடிப்பு மடிப்பாகத் துணி தெரியும், ஜரிகை தெரியும், கால் எந்தத் திசையில் தூக்கியிருக்கிறது என்பதும் தெரியும். சுழற்சி மட்டும் தெரியாது. அதே விளிம்பு 1/8 நொடியில் 47 சென்டிமீட்டர் போகிறது. அதுதான் நாம் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த பாவாடை.

கூத்து பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ராஜ வேடங்களின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. மரம் லேசானது, ஆனால் அதைத் தலையிலும் தோளிலும் அசையாதபடி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மேலெல்லாம் வண்ணத் தாளும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளும். இடுப்புக்குக் கீழே அடுக்கடுக்காய்த் துணி, காலில் சலங்கை. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வெளியே வந்து, ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஏறிக்கொண்டே போக, சுற்ற ஆரம்பிப்பார். அப்போது கவனித்துப் பாருங்கள்: கழுத்துக்கு மேலே ஒன்றுமே ஆடாது. முகம் நிமிர்ந்து, கண் விரிந்து, அரிதாரச் சிவப்பில் அப்படியே நிற்கும். கீழே மொத்த உடம்பும் காற்றாகிவிடும். நிற்பதும் சுற்றுவதும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில். கூத்தின் கம்பீரமே அந்த இரண்டும் சேர்ந்திருப்பதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வேகமான ஷட்டர் முதல் பாதியை மட்டும் எடுக்கிறது. ஃபிளாஷ் இல்லாமல் வெறும் மெதுவான ஷட்டர் போட்டால் இரண்டாவது பாதி மட்டும் வரும், முகம் கரைந்துவிடும். இரண்டும் வேண்டும் என்றால் மெதுவான ஷட்டரோடு ஃபிளாஷ். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு தடவை சரியாகப் புரிந்துகொண்டால் போதும், மீதி எல்லாம் கையில் வந்துவிடும். நீங்கள் எடுப்பது ஒரு படம் இல்லை, ஒரே ஃபிரேமில் இரண்டு படங்கள். ஒன்று, களத்து விளக்கு வெளிச்சத்தில் 1/8 நொடி நேரம் பதிகிற படம். அதில் அசைவதெல்லாம் இழுபடும். இன்னொன்று ஃபிளாஷ் அடிக்கும் அந்தக் கணத்தில் பதிகிற படம். சாதாரணமாகக் கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷை 1/16 பவரில் வைத்தால் அது எரிகிற நேரம் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான். அந்த நேரத்துக்குள் பாவாடை விளிம்பு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதிகம். ஆக, அசைவை நிறுத்துவது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ். ஷட்டருக்கு இங்கே வேறு வேலை: களத்து வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே வரலாம் என்று முடிவு செய்வது. ஷட்டரை 1/8-லிருந்து 1/4-க்கு மாற்றினால் பின்னணி இரண்டு மடங்கு வெளிச்சமாகும், இழுபடல் இரண்டு மடங்காகும், ஃபிளாஷ் போட்ட முகத்தின் வெளிச்சம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அப்பர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு) ஐஎஸ்ஓவையும் மாற்றினால் இரண்டு படமும் சேர்ந்து மாறும். ஃபிளாஷ் பவரை மாற்றினால் முகம் மட்டும் மாறும். இவ்வளவுதான் விஷயம்.

கணக்கு போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் பலர் ஃபிளாஷைப் பார்த்துப் பயப்படுவது இந்த இடத்தில்தான். என் ஃபிளாஷின் கைடு நம்பர் (வெளிச்சம் எட்டும் தூரத்தைக் கணக்கிட உதவும் எண்) மீட்டர் கணக்கில் 40, அதாவது ஐஎஸ்ஓ 100-இல், முழு பவரில். பவரை 1/16 ஆக்கினால் கைடு நம்பர் நாலில் ஒரு பங்காகி 10 ஆகும் (பவர் பதினாறில் ஒரு பங்கானால் எட்டும் தூரம் அதன் வர்க்கமூலம், அதாவது நாலில் ஒரு பங்கு). ஐஎஸ்ஓ 800-க்குப் போனால் 2.83-ஆல் பெருக்க வேண்டும், 28 வரும். அப்பர்ச்சர் எஃப் 5.6 என்றால், அந்த 5.6-ஆல் வகுத்தால் 5. அவ்வளவுதான், ஃபிளாஷிலிருந்து 5 மீட்டரில் நிற்பவர் முகம் சரியாக வெளிச்சமாகும். அவர் நாலு மீட்டருக்கு வந்தால் பவரைக் கொஞ்சம் குறை, ஏழு மீட்டருக்குப் போனால் ஒரு ஸ்டாப் கூட்டு (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்). களத்தின் அளவு இரவு முழுக்க மாறப்போவதில்லை என்பதால், இரண்டாவது வேடம் வருவதற்குள் இந்தத் தூரமெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கேமராவே அளந்து முடிவு செய்யும் தானியங்கி டிடிஎல் வைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் கிரீடத்தில் இருக்கும் கண்ணாடித் துண்டு ஒன்று சரியான கோணத்தில் திரும்பி ஃபிளாஷை நேராகத் திருப்பி அடித்தால், டிடிஎல் அதைப் பார்த்து வெளிச்சம் போதும் என்று முடிவு கட்டிவிடும், முகம் இருண்டு போகும். அடுத்த படத்தில் கண்ணாடி திரும்பியிருக்காது, முகம் மறுபடி வெளிச்சமாகிவிடும். கூத்துக்கு மேனுவல்தான் நம்பகமானது.

களத்து வெளிச்சத்தை எவ்வளவு வைப்பது? கேமரா மீட்டர் சரி என்று சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறைவாக வைப்பேன். அதற்கு மேல் குறைத்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்களும், அவர்களுக்குப் பின்னால் கோயிலும் வேப்பமரமும் ஜனங்களும் கறுப்பில் மறைந்துபோய், திருமண மண்டப ஃபோட்டோ மாதிரி ஆகிவிடும். குறைக்காமல் விட்டால் இன்னொரு பிரச்சினை, இதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆடுபவர் முகத்தில் ஏற்கெனவே களத்து விளக்கு பளிச்சென்று விழுகிறது என்றால், ஃபிளாஷ் பிடித்த கூர்மையான முகத்தின் மேலேயே அந்த விளக்கு பிடித்த கலங்கிய முகமும் பதியும். மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு, கண்ணுக்குக் கீழே வெள்ளைத் தீற்றல். ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்று நினைப்போம். வேலை செய்திருக்கிறது, மேலே வேறு ஒன்று எழுதிவிட்டது. அதேபோல் கறுப்பு உடை போட்டவர் பிரகாசமான பின்னணிக்கு முன்னால் நகர்ந்தால், அவர் விட்டுப்போன இடத்தில் பின்னணி வெளிச்சம் பதிந்து, உடம்புக்குள்ளே குழல்விளக்கு தெரியும். ஆள் கண்ணாடியால் செய்தவர்போல் ஆகிவிடுவார். இதை வேண்டுமென்றே செய்யலாம், எமன் வேடத்துக்குப் பொருந்தும். மற்றபடி, ஃபிளாஷ் சுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்றால் அந்த இடம் களத்து வெளிச்சத்தில் கொஞ்சம் இருட்டாக இருக்க வேண்டும், பின்னணியும் ரொம்பப் பளிச்சென்று இருக்கக் கூடாது.

அதனால் எங்கே உட்காருகிறோம் என்பதுதான் பாதி வேலை. ஊரில் பெரும்பாலும் களத்தின் முன்பக்கம் இரண்டு கம்பம் நட்டு, அதில் பெரிய எல்இடி விளக்கைக் கட்டிவிடுவார்கள். எல்லாக் கேமராக்காரர்களும் நேர் முன்னால் போய் உட்காருவார்கள், அங்கேதான் ஆடுபவர் முகத்தில் விளக்கு மொத்தமும் விழும். நான் பக்கவாட்டில் போய்விடுவேன். ஆடுபவர் களத்தின் ஓரத்துக்கு வந்து, விளக்குக்கு முதுகோ பக்கமோ காட்டித் திரும்புகிற இடம் ஒன்று இருக்கும். கூத்தில் நாலு பக்கமும் சுற்றி வருவது வழக்கம் என்பதால் அந்த இடத்துக்கு எப்படியும் வருவார். அங்கே முகம் நிழலில், தோளின் விளிம்பில் மட்டும் களத்து வெளிச்சம். ஃபிளாஷ் முகத்தை எழுதும், களத்து விளக்கு பாவாடை விளிம்பையும் புஜக்கட்டையையும் கோடாக இழுக்கும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழாது.

ஃபிளாஷைக் கேமரா மேல் வைக்காதீர்கள். ஃபிளாஷைத் தூரத்திலிருந்தே அடிக்க வைக்கும் ரேடியோ ட்ரிக்கர் ஒன்று வாங்கிக்கொண்டு, ஃபிளாஷை ஒரு கம்பின் உச்சியில் மாட்டி, பக்கவாட்டில் உயரமாகப் பிடிக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும். ஊர்ப் பையன்கள் யாராவது ஆசையாகப் பிடித்துக்கொள்வார்கள். நேராக அடித்தால் முகத்தில் பள்ளம் மேடு தெரியாது, அரிதாரம் தட்டையாகிவிடும், களத்தில் கிளம்பும் புழுதி முழுக்க வெள்ளைப் புள்ளியாக லென்ஸுக்கு முன்னால் மிதக்கும். பக்கத்திலிருந்து வந்தால் அதே புழுதி பெரும்பாலும் கண்ணுக்குப் படாது.

இன்னொன்று. ஃபிளாஷின் வாயைச் சுற்றிக் கறுப்பு அட்டையைச் சுருட்டி ஒட்டி, வெளிச்சம் மார்புக்கு மேலே மட்டும் விழும்படி குறுக்கிவிடுங்கள். இது ரொம்ப முக்கியம். முழு உடம்புக்கும் ஃபிளாஷ் விழுந்தால் பாவாடையும் உறைந்துவிடும், அதன் மேல் மெல்லிய இழுபடல் ஒரு அழுக்குபோல் படியும். முகத்துக்கும் மார்புக்கும் மட்டும் விழுந்தால், இடுப்புக்குக் கீழே களத்து வெளிச்சம் மட்டுமே பதியும், துணி தண்ணீராய் ஓடும். கூத்தாடுபவர் உடம்பை எப்படிப் பிரித்துக்கொள்கிறாரோ, மேலே நிற்பது கீழே சுற்றுவது என்று, வெளிச்சத்தையும் அதேபோல் பிரித்துக்கொள்வது. இதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் என் கூத்துப் படங்கள் கூத்தாக ஆயின என்று சொல்வேன்.

இப்போது கண்ணாடித் துண்டுகள். படத்தைப் பெரிதாக்கிப் புஜக்கட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் களத்து விளக்கைப் பிடித்துக்கொண்டு 1/8 நொடியும் ஒரு கோடு வரைந்திருக்கும். பத்து முப்பது கோடுகள், எல்லாம் ஒரே வளைவில், தோளைச் சுற்றி. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அவை கோடே இல்லை, புள்ளிகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, நகரும் கண்ணாடிக்குத் தெரியும். 1/8 நொடிக்குப் பன்னிரண்டு புள்ளி. ஆள் வேகமாகச் சுற்றினால் புள்ளிகளுக்கு இடையே இடைவெளி அகலும், மெதுவானால் நெருங்கும். புள்ளிகளைப் பார்த்தே அந்தக் கணத்தில் அவர் வேகம் பிடித்துக்கொண்டிருந்தாரா, தணிந்துகொண்டிருந்தாரா என்று சொல்லிவிடலாம். தீப்பந்தத்தில் இப்படி வராது. நெருப்பு விட்டு விட்டு எரிவதில்லை, அதனால் தீப்பந்தம் சுற்றினால் அறுபடாத பட்டை. பழைய ஹாலஜன் ஃபோகஸ் விளக்கிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், இழை ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். எந்த ஊரில் என்ன விளக்கு கட்டினார்கள் என்பது படத்திலேயே எழுதியிருக்கும். எனக்கு இது தரும் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷின் வெளிச்சம் பகல் வெளிச்சம் மாதிரி, வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவில் 5500 கெல்வின் பக்கம். களத்தில் வெள்ளை எல்இடி என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், ஒன்றும் செய்ய வேண்டாம். ஹாலஜனோ பந்தமோ என்றால் ஃபிளாஷ் விழுந்த முகம் நீலமாகவும் மற்றதெல்லாம் ஆரஞ்சாகவும் வரும். ஃபிளாஷ் வாயில் ஒரு ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டிவிட்டால் சரியாகிவிடும். முழு ஜெல் என்றால் ஏறத்தாழ முக்கால் ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதற்குத் தகுந்தபடி பவரைக் கூட்ட வேண்டும்.

முதல் திரையா, இரண்டாம் திரையா என்ற கேள்வி. ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு: முதலாவது திறக்கும், இரண்டாவது மூடும். 1/8 நொடி மாதிரி மெதுவான வேகத்தில் நடுவில் நெடுநேரம் சென்சார் முழுக்கத் திறந்தே கிடக்கும். முதல் திரை திறந்தவுடனே ஃபிளாஷ் அடித்தால், கூர்மையான உருவம் முதலில், இழுபடல் பிறகு. அதாவது ஓடுகிற ஆளுக்கு முன்னால் அவருடைய தடம் போகும். பார்க்க அவர் பின்னால் இழுக்கப்படுவதுபோல் இருக்கும். இரண்டாம் திரை மூடுவதற்குச் சற்று முன்னால் அடித்தால் தடம் பின்னால் வரும், இயல்பாக இருக்கும். எல்லாப் பாடங்களும் இரண்டாம் திரையே போடு என்று சொல்லி முடித்துவிடும். கூத்துக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருவர் நேராகப் பாய்ந்து வருகிறார் என்றால், பீமன் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு துச்சாதனனைத் துரத்துகிறான் என்றால், இரண்டாம் திரைதான். ஆனால் சுற்றும்போது முன்னும் பின்னும் என்று ஒன்று இல்லை, தடம் எந்தப் பக்கம் வந்தாலும் சுற்று சுற்றுதான். மாறாக, இரண்டாம் திரையில் ஒரு நஷ்டம் இருக்கிறது. நொடிக்கு ஒரு சுற்று என்றால் 1/8 நொடியில் அவர் 45 பாகை திரும்பிவிடுவார், 1/4 நொடியில் 90 பாகை. நீங்கள் முகத்தைப் பார்த்து அழுத்தினால் ஃபிளாஷ் அடிக்கும்போது காதுதான் இருக்கும். சுற்றுக்கு முதல் திரை போட்டால், பார்த்த முகம் பார்த்தபடி கிடைக்கும். தாளம் நன்றாகப் பழகியவர்கள் முன்கூட்டியே அழுத்தி இரண்டாம் திரையிலும் முகத்தைப் பிடிப்பார்கள், அது வேறு சாமர்த்தியம். 1/2 நொடிக்குப் போகவே வேண்டாம், பாதிச் சுற்று முடிந்து பின்மண்டை முகத்தின் மேல் பதிந்துவிடும்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள்: சில ட்ரிக்கர்கள் முதல் திரைக்கு மட்டும்தான் வேலை செய்யும். கடையிலேயே கேமராவில் மாட்டி, ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்து, ஃபிளாஷ் கடைசியில் அடிக்கிறதா என்று பார்த்துவிடலாம். டிடிஎல்லில் இருந்தால் அழுத்தியவுடன் ஒரு சின்ன முன்-ஃபிளாஷ் அடிக்கும், அதைப் பார்த்து ஏமாறாமல் மேனுவலில் வைத்துச் சோதியுங்கள்.

இந்த வித்தை ஒன்றும் புதிது இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930-களில் கணநேரம் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கை வளர்த்தெடுத்தபோது, அங்கே மின்பொறியியல் படித்த, அல்பேனியாவில் பிறந்த ஃபோட்டோகிராஃபர் யோன் மிலி அதைக் கலைஞர்களை நோக்கித் திருப்பினார். 1949-இல் பிரான்ஸின் வல்லோரிஸுக்குப் போய்ப் பிக்காஸோவின் கையில் ஒரு சிறு மின்விளக்கைக் கொடுத்து, இருட்டில் ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றில் வரையச் சொன்னார். விளக்கு போன வழியெல்லாம் கோடாகப் பதிந்தது, ஒரு ஃபிளாஷ் பிக்காஸோவைப் பதிந்தது. ஒரே ஃபிரேமில் இரண்டு படம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் இல்லை. கோடு மெதுவான ஷட்டருடையது, மனிதர் ஃபிளாஷுடையவர். ஃபிளாஷே இல்லாமல் இதைச் சாதித்தவர்களும் உண்டு. 1995-இல் ரகு ராய் மும்பை சர்ச்கேட் ரயில் நிலையத்தில் எடுத்த படத்தில் கூட்டம் முழுக்கப் புகையாய் ஓட, செய்தித்தாள் படிக்கும் சிலர் மட்டும் தெளிவாக இருப்பார்கள். அங்கே அவர்கள் தாங்களாகவே அசையாமல் இருந்தார்கள், ஃபிளாஷுக்கு வேலை இல்லை. கூத்திலும் இது கிடைக்கும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் முகம் ஃபிளாஷ் இல்லாமலே கூர்மையாக வந்து, மிருதங்கத்தின் மேல் இருக்கும் கைகள் மட்டும் கலங்கியிருக்கும். ட்ரைபாட் மட்டும் வேண்டும்.

ட்ரைபாட் இல்லாமல் கையில் பிடித்து எடுப்பதும் நல்லதுதான், சில நேரம் அதுவே நல்லது. ஃபிளாஷ் பிடித்த முகம் எப்படியும் கூர்மையாக இருக்கும், உங்கள் கை அசைவு பின்னணி விளக்குகளை மட்டும் இழுக்கும். ஆடுபவரோடு சேர்ந்து கேமராவை மெல்லத் திருப்பினால் களமே அவரோடு சுற்றுவதுபோல் வரும். ஆனால் கேமராவைக் கடிகாரம்போல் முறுக்கி எடுக்கும் பழக்கம் ஒன்று கல்யாண ஃபோட்டோகிராஃபியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது கூத்துக்கு வேண்டாம். சுற்றுபவர் அவர். நாமும் சுற்றினால் யாருடைய ஆட்டம் என்று தெரியாமல் போய்விடும்.

சரி, இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விடிய விடிய ஆடும் கலைஞர் ஒருவர் மரக் கிரீடம் ஏறிய தலையோடு, குறுகிய பார்வையோடு, மேடு பள்ளமான தரையில் சுற்றுகிறார். அந்தக் கண்ணில் ஃபிளாஷ் அடிக்கிறோம். அதனால் வேடம் கட்டும் நேரத்திலேயே போய் ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியாரைப் பார்த்துக் கேட்டுவிடுவேன். ஒரு வாத்தியார் எனக்குச் சொன்னது: “நேரா அடிக்காத தம்பி, சுத்தும்போது கண்ணு இருட்டிக்கும். ஓரமா அடிச்சுக்க, அதுவும் நிறைய வேணாம்.” பக்கவாட்டில், குறைந்த பவரில், அளவாக என்று நான் வைத்துக்கொண்டதெல்லாம் அவர் சொன்னதிலிருந்து வந்தது. முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கும் இது பொருந்தும். விடாமல் மின்னிக்கொண்டே இருந்தால் அவர்கள் கூத்து பார்க்க முடியாது. அவர்கள்தான் இந்தக் கூத்துக்குச் சொந்தக்காரர்கள், கேமரா விருந்தாளி.

துகிலுரியும் கட்டத்தில் ஃபிளாஷை அணைத்துவிடுவேன். அந்த நேரத்தில் திரௌபதி வேடத்துக்குக் கற்பூரம் காட்டுவார்கள், கூட்டத்தில் பெண்களுக்கு அருள் வரும், அப்போது அங்கே நடப்பது நாடகம் இல்லை. கற்பூர வெளிச்சத்தில் என்ன கிடைக்கிறதோ அது போதும், கிடைக்காவிட்டாலும் போதும். படுகளத்திலும் அப்படித்தான், மண்ணில் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்துக்குக் காலை வெயிலே இருக்கிறது. சாமி ஆடுபவர் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், மறைக்க மாட்டேன்.

மொபைலில் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். மெதுவான ஷட்டர் பாதி முடியும், புரோ மோடில் 1/8 வைக்கலாம். நைட் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள், அது பல படங்களை எடுத்து அசைந்ததையெல்லாம் கழித்துக் கட்டிச் சேர்க்கும், நாம் தேடுவதையே தூக்கி எறிந்துவிடும். ஃபிளாஷ் பாதிதான் முடியாது. மொபைலில் இருப்பது ஃபிளாஷ் இல்லை, எல்இடி விளக்கு. எரிகிற நேரம் நீளமானது, எதையும் உறைய வைக்காது. அதனால் மொபைலில் பின்பாட்டுக்காரர்களை எடுங்கள், திரை பிடிக்கும் கைகளை எடுங்கள், சுற்றும் பாவாடையை மட்டும் குறி வைத்து எடுங்கள். முகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காவிட்டால் நல்ல படங்கள் கிடைக்கும்.

ஓர் இரவில் எடுப்பதில் பெரும்பகுதி தேறாது, இந்த முறையில் அது இயல்பு. வைத்துக்கொள்வதற்கு எனக்கு ஒரே அளவுகோல்தான்: கண் கூர்மையாக இருக்க வேண்டும், இரண்டு கண்ணும் வேண்டியதில்லை, லென்ஸுக்குக் கிட்டே இருக்கும் கண் போதும். அது இருந்தால் மீதி எவ்வளவு கலைந்திருந்தாலும் படம் நிற்கும். அது இல்லாவிட்டால் தோளில் எவ்வளவு அழகான கோடு விழுந்திருந்தாலும் விட்டுவிடுவேன். பிறகு, ஜமாவுக்குப் படம் அனுப்பும்போது இந்தச் சுழலும் படங்களை மட்டும் அனுப்பாதீர்கள். அவர்களுக்கு விளம்பர நோட்டீஸுக்கும் பேனருக்கும் தேவைப்படுவது வேடம் முழுசாய், கட்டையில் ஒட்டிய கண்ணாடி ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிகிற படம். அதனால் அரிதாரம் பூசி முடித்து, கிரீடம் கட்டி, களத்துக்குப் போவதற்கு முன்னால் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், கேட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் நிற்க வைத்து 1/125-இல் ஒரு படம் எடுத்துவிடுவேன், முதல் வேடம் திரைக்குப் பின்னால் போய் நிற்பதற்குள் முடித்தாக வேண்டும்.